ஏழு மணிக்கு ஒளிரும் சிர்ரூ

2022ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, கிள்ளானில் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சி புளோக்கில், நான்காம் மாடியில், குகன் என்பவனுடைய கைப்பேசியிலிருந்து ஒரு பறவை வெளியே வந்து துணி துவைக்கும் மெஷின் மேல் உட்கார்ந்தது. அன்று வட்டாரம் முழுக்கத் தண்ணீர் வெட்டு. குகனின் அக்கா உஷாராணி, பிடித்து வைத்திருந்த மூன்று வாளி நீரில் எது குளிக்க, எது சமைக்க என்ற யோசனையில் நின்றிருந்தாள். ஆகவே பறவையைப் பார்த்ததும் அவள் முதலில் கேட்டது, "இதுக்கு வேற தண்ணி வெக்கணுமா?" என்பதுதான்.

"வேணாங்க்கா. இது தண்ணி குடிக்காது. காத்து வகை," என்றான் குகன்.

அவன் ஆறு வருடமாக விளையாடிவந்த விளையாட்டு அது. கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தால் பேருந்து நிறுத்தத்திலும் கால்வாய் ஓரத்திலும் விதவிதமான பிராணிகள் திரையில் தோன்றும். வலை வீசிப் பிடிக்கலாம். பிடித்ததை நடக்க வைத்து வளர்க்கலாம், சண்டைக்கு விடலாம். போதுமான அளவு வளர்ந்த பிராணி ஒளிவிட்டு, உருமாறி, பெரிய பெயரோடு வேறொன்றாக ஆகிவிடும். குகனிடம் நானூற்றுச் சொச்சம் இருந்தன. அவற்றில் வெளியே வந்தது சிர்ரூ மட்டும்தான். ஏன் அது, ஏன் அன்றைக்கு என்பதற்கு இன்றுவரை யாரும் காரணம் சொல்லவில்லை. குகன் கைப்பேசியை அணைத்துப் போட்டுப் பார்த்தான். அணைந்திருந்த அரை நிமிடமும் பறவை கண்ணை மூடிக்கொண்டு நின்றது, மறுபடி திரை வந்ததும் கண்ணைத் திறந்து, "சிர்ரூ," என்றது. தன் பெயரைத் தவிர அதற்கு வேறு சொல் தெரியாது.

தேங்காய் அளவு இருக்கும். நீல உடம்பு, மஞ்சள் மூக்கு, மூக்கின் மேல் ஒரு சின்னக் கொம்பு. எதிர்வீட்டு மலாய்க்காரர் அதை இருவாட்சியின் குஞ்சு என்றார். ஐந்தாம் மாடிச் சீனக் கிழவி, காடை என்று சொல்லி, முட்டை போடுமா என்று விசாரித்தாள். உடம்பைச் சுற்றி, பேனாவால் இழுத்தமாதிரி ஒரு மெல்லிய கறுப்புக் கோடு ஓடியது. நிழல் காலடியில் எந்நேரமும் ஒரு வட்டமாகவே கிடந்தது, வெயில் எந்தப் பக்கம் அடித்தாலும். மற்றபடி அது ஒரு பறவைதான், எச்சம் போடாது என்பதைத் தவிர. உஷாராணிக்கு அதில் பிடித்த விஷயம் அது ஒன்றுதான்.

அவளுக்கு அப்போது வயது நாற்பத்தெட்டு. கிள்ளான் லிட்டில் இந்தியாவில் டோபிக் கடை வைத்திருந்தாள். பட்டுச்சேலைக்கு அவள் போடுகிற இஸ்திரிக்காகப் பந்திங்கிலிருந்துகூட ஆட்கள் வருவார்கள். அப்பா துறைமுகத்துக்கு லோரி ஓட்டியவர், சாலையிலேயே போய்விட்டார். அம்மா நோயில் போனபோது உஷாராணிக்கு இருபத்தாறு, தம்பிக்குப் பதினான்கு. அன்றிலிருந்து அவனை அவள்தான் பார்த்துக்கொண்டாள். அவளுக்கென்று இரண்டு மூன்று வரன்கள் வந்தன. வந்தவர்களுக்குத் தம்பியும் சேர்த்துத்தான் என்பது பிடிக்கவில்லை, அவளுக்கு அந்த முகங்கள் பிடிக்கவில்லை. அந்தப் பேச்சு அப்படியே நின்றுபோனது.

குகனைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், அவன்மேல் முழுசாகக் கோபப்படக்கூட முடியாது. அதுதான் அவளுடைய பெரிய எரிச்சல். குடிக்கமாட்டான், சிகரெட் கிடையாது, எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டான். ஆனால் அரிசியைக் கழுவி குக்கரில் வைத்துவிட்டு சுவிட்சைப் போடாமல் போய்விடுவான். ஆணி அடிக்கச் சொன்னால் ஆணியை வாங்க வெளியே போய், மூன்று மணி நேரம் கழித்து, பிராணி ஒன்றைப் பிடித்துவிட்ட சந்தோஷத்தோடு ஆணி இல்லாமல் வருவான். செக்யூரிட்டி வேலை, கார் கழுவுகிற வேலை, பேட்டரிக் கடை என்று எதிலும் ஒரு வருடம் தாண்டவில்லை. முப்பத்தாறு வயது ஆளை இன்னமும் காலையில் எழுப்பிவிட வேண்டியிருந்தது. "நான் செத்துட்டா இவன எவ எழுப்புவா?" என்று கடைக்கு வருகிறவர்களிடம் கேட்டுக் கேட்டு, அந்தக் கேள்வி அவளுக்கே பழகிவிட்டது.

இப்போது அவனோடு ஒரு பறவையும் சேர்ந்தது. உஷாராணி வனவிலங்கு அலுவலகத்துக்குப் போன் போட்டாள். அவர்கள் பட்டியலில் தேடிவிட்டு, இந்த இனம் பாதுகாக்கப்பட்டதும் அல்ல, தடைசெய்யப்பட்டதும் அல்ல, ஆகவே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். வைத்துக்கொள்ள அவள் கேட்கவேயில்லை. நகராட்சியில் நாய்க்குத்தான் லைசென்ஸ் விண்ணப்பப் பாரம் இருந்தது. விளையாட்டுக் கம்பெனிக்கு எழுதியதற்கு நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. செயலியைப் புதுப்பித்துப் பார்க்கும்படியும், சேவைக்கு ஐந்து நட்சத்திரம் தரும்படியும் அதில் கேட்டிருந்தார்கள்.

சிர்ரூ குகன் சொன்னதை மட்டும்தான் கேட்கும். உஷாராணி இறங்கு என்றால் ஏறும். துணிக்கொடியில் உட்காராதே என்று அவள் கத்தினால் தலையைச் சாய்த்து ஒரு பார்வை பார்த்து, "சிர்ரூ," என்று சொல்லிவிட்டு, காயப்போட்ட சேலைமேல் இன்னும் வசதியாக உட்கார்ந்துகொள்ளும். அடுத்தவர் பிடித்த பிராணி அப்படித்தான் அலட்சியம் செய்யும், விளையாட்டில் அது விதி என்று குகன் பொறுமையாக விளக்கினான். அவன் விளக்குவதைக் கேட்டால் அவளுக்கு இன்னும் கோபம் ஏறும்.

காக்கைகளோடு அது சண்டைக்குப் போனது. கிள்ளான் காக்கைகளைப் பற்றி அங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றைத் தொட்டால் நூறு வரும். ஆனால் சிர்ரூவின் சண்டை முறைவைத்து நடப்பது. அது ஒரு முறை இறக்கையை அடித்துக் காற்றை ஏவும், பிறகு எதிராளி அடிக்கும்வரை அசையாமல் நிற்கும். முதல் வாரம் காக்கைகள் கூட்டமாக விழுந்து பிடுங்கின. இரண்டாவது வாரம் அவற்றுக்கு என்னவோ ஒரு கூச்சம் வந்தது. மூன்றாம் வாரத்திலிருந்து ஒவ்வொன்றாக வந்து, ஒரு கொத்து கொத்தி, தள்ளி நின்று, பதிலுக்குக் காத்திருந்தன. இன்றைக்கும் சி புளோக்கின் குப்பைத்தொட்டிப் பக்கம் காக்கைகள் வரிசையில் நின்றுதான் சாப்பிடுகின்றன. பி புளோக்கில் அப்படி இல்லை.

அந்த ஆண்டு ஜூலையில் ஒரு நாள், மாலை ஏழு மணிக்கு, சிர்ரூ ஒளிவிட்டது. குகன் கீழே மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தான். உஷாராணி சோபாவில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தால், டிவி மேல் இருந்த பறவை வெள்ளை பல்பு மாதிரி எரிந்துகொண்டிருக்கிறது, ஓரமெல்லாம் ஊதிப் பெருக்கிறது. டிவிக்கு அப்போதுதான் தவணை முடிந்திருந்தது. "ஏய்! வேணாம்! வேணாம்னு சொல்றேன்ல, நிறுத்து!" என்று வெங்காயக் கத்தியோடு எழுந்தாள். ஒளி சட்டென்று அடங்கியது. பறவை பழைய அளவுக்கு வந்து, எதையோ மறந்துவிட்டவர்போல அங்கும் இங்கும் பார்த்தது. அவள் சொன்ன ஒன்றை அது கேட்டது அதுதான் முதல் தடவை.

மேலே ஓடிவந்த குகன் விஷயத்தைக் கேட்டு மூச்சு வாங்க உட்கார்ந்தான். "அது பெரிசா ஆகப் பாத்திருக்குக்கா. கேம்ல ஒரு பட்டன் இருக்கும். எரியுறப்ப அத அமுக்கினா நின்னுரும், பழையபடியே இருக்கும்." பறவையையும் அவளையும் பார்த்துவிட்டுச் சொன்னான், "இங்க பட்டன் நீதான்க்கா."

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் ஏழு மணிக்கு அது ஒளிவிட்டது, உஷாராணி வேணாம் என்றாள், அது அடங்கியது. குகன் சொன்னால் அடங்கவில்லை. ஒரு தடவை சொல்லிப் பார்த்தான், ஒளி கூடிக்கொண்டே போனது, அவள் குளியலறையிலிருந்து சோப்பு முகத்தோடு வந்து கத்த வேண்டியதாயிற்று. விஷயம் குடியிருப்பு நிர்வாகக் குழுவின் காதுக்குப் போனது. குழுச் செயலாளர் ராதாகிருஷ்ணன், பள்ளிக்கூட கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், எதற்கும் ஃபைல் போடுகிறவர். அவர் குகனிடம் கேட்டுக் குறித்துக்கொண்டதில் சிர்ரூவின் அடுத்த உருவம் சிர்ராங், ஆளுயரம். அதற்கடுத்தது சிர்ராகான், இறக்கை விரித்தால் பதினொரு மீட்டர். புளோக்கின் கூரையில் நான்கு தண்ணீர்த் தொட்டிகள் இருந்தன, அவற்றில் ஒன்றுக்கு ஏற்கெனவே விரிசல். குழு கூடியது. சி-4-11இல் வசிக்கும் உஷாராணி அவர்கள் தினமும் மாலை ஏழு மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. மும்மொழியில் அறிவிப்பு அடித்து, ஓடாத லிஃப்டின் கதவில் ஒட்டினார்கள்.

"என்ன சார் இது, நான் என்ன தீயணைப்பு வண்டியா?" என்று அவள் கேட்டாள்.

"ஒரு வார்த்தைதானேம்மா, சொல்லிட்டு உங்க வேலயப் பாக்க வேண்டியதுதான்," என்றார் ராதாகிருஷ்ணன்.

அந்த ஒரு வார்த்தைக்காக அவள் இரண்டு வருடம் எட்டு மாதம் ஏழு மணிக்கு வீட்டில் இருந்தாள். கடையை ஆறு மணிக்கே சாத்தினாள், சேலைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். சித்தி மகள் கல்யாண வரவேற்பு, டெங்கிலில், ஏழரைக்கு, போகவில்லை. கோயிலில் ஆடிவெள்ளி விளக்கு பூஜைக்குக் கொடுத்த பெயரைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். ஒரு தடவை பிரிக்பீல்ட்ஸில் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனவள், கொமுட்டர் ரயில் தாமதமாகி, சுபாங் ஜெயா நிலையத்தில் நின்றபடி ஏழு மணிக்குப் போனில் வேணாம் என்று கத்தினாள். பக்கத்தில் நின்றவர்கள் நகர்ந்துகொண்டார்கள். குகன் கைப்பேசியைப் பறவையின் காதுப்பக்கம் பிடித்திருந்தான்; அது அடங்கியது. ஆனால் அன்று முழுசாக அடங்க ஐந்து நிமிடம் ஆனது என்று கேட்டபின் அவள் அதன்பிறகு தூரம் போவதையே விட்டாள்.

குகனோ, காலை எட்டு மணிக்குப் பறவையைப் பையில் வைத்துக்கொண்டு மோட்டாரில் கிளம்பினால் ஆறரைக்குத்தான் வருவான். சாப்பாட்டு டெலிவரி பார்ப்பதாகவும், நடுநடுவே சிர்ரூவை நடக்க வைப்பதாகவும் சொல்லியிருந்தான். அவனை எழுப்ப வேண்டியில்லை என்பதை அவள் கவனிக்கவில்லை. எழுப்பாத காலையில் திட்டுவதற்கு வேறு காரணம் கிடைத்துவிடும்.

2025 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவன் சொன்னான்: சுங்கை பூலோவில் செடி வளர்த்து விற்கிற நர்சரி ஒன்று இருக்கிறது. ரேஷ்மா என்று ஒரு பெண் அதைப் பார்த்துக்கொள்கிறாள், முப்பத்து மூன்று வயது. அங்கே நிரந்தர வேலை கிடைக்கும், பின்பக்கம் ஒரு சின்ன வீடும் காலியாக இருக்கிறது. அவளுக்கும் தன்னைப் பிடித்திருக்கிறது. இவ்வளவையும் அவன் மீன் தலையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தான்.

"வேணாம்," என்றாள் உஷாராணி. கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "ஒரு மாசம் ஒழுங்கா வேல பாப்பியா நீ? அப்புறம் அந்தப் பொண்ணு என்னைய வந்து கேக்கும். உனக்கு ஒரு முட்ட பொரிக்கத் தெரியுமா? சும்மா இருலா."

அவன் முகம் கொஞ்சம் வெளிறி, பிறகு பழையபடி ஆனது. தட்டைக் கழுவி வைத்துவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தான்.

இது புதிதல்ல. பதினேழு வயதில் ஈப்போவில் தொழிற்பயிற்சிக்கு இடம் கிடைத்தது. அவனுக்கு மூச்சு இழுப்பு இருந்தது, ஹாஸ்டலில் யார் பார்ப்பார்கள் என்று வேணாம் என்றாள். இருபத்து நான்கில் சிங்கப்பூர், வேணாம். இருபத்தொன்பதில் ரவாங் பக்கம் ஒரு வரன்; பெண் வாயாடி என்று கேள்விப்பட்டு வேணாம். ஒவ்வொன்றுக்கும் அப்போது நல்ல காரணம் இருந்தது. கேட்டிருந்தால் இன்றைக்கும் அடுக்கடுக்காக எடுத்து வைத்திருப்பாள்.

பதினொரு நாள் கழித்து, வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, டோபிக் கடைக்குள் ஒரு பெண் வந்தாள். வெயிலில் கறுத்த முகம், நகக்கண்ணில் மண், காலில் ரப்பர் பூட்ஸ். கையில் ஒரு காஞ்சிபுரம் சேலை, பிளாஸ்டிக் பையில்.

"இஸ்திரி போடணுங்க்கா."

"எப்ப வேணும்?"

"அவசரமில்ல. கட்டுறதுக்கு நாள் இன்னும் முடிவாகல," என்றாள் அவள். பிறகு, சுற்றி வளைக்க நேரமில்லாதவள்போல, "நான் ரேஷ்மா," என்றாள்.

உஷாராணி இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "இந்த பாரும்மா. என் தம்பி நல்லவன்தான். ஆனா அவன நம்பி ஒரு வேல குடுக்க முடியாது. நான் சொல்றது உன் நல்லதுக்கு."

"அவரு எங்ககிட்ட வேலக்கி வந்து எட்டு மாசம் ஆச்சுக்கா."

"யாரு?"

"உங்க தம்பிதான். காலையில ஒம்பதுக்கு டாண்ணு வந்துருவாரு. எட்டு மாசத்துல ஒரு நாளு லேட் இல்ல, ஒரு நாளு சீக்குன்னு எம்சி எடுத்ததில்ல. லோரி ஏத்துறது, இறக்குறது, தண்ணி பைப்பு, அக்கவுண்டு தவிர எல்லாம் அவருதான். மோட்டார் பம்பு ரெண்டு தடவ எரிஞ்சிச்சு, அவரே கழட்டி மாட்டிட்டாரு." அவள் குரல் ஏறியது. சண்டைக்கு வந்தவள் இல்லை, ஆனால் அவளுக்கும் தாங்கவில்லை. "மத்தவங்க வூட்டுல வேலக்கிப் போறதா பொய் சொல்லிட்டு ஊரு சுத்துவாங்க. இவரு ஊரு சுத்துறதா பொய் சொல்லிட்டு வேலக்கி வராரு. நான் எங்க போயி சொல்றது இத? நல்ல விசயத்தக்கூட ஒளிச்சு வெச்சு செய்ற மாதிரி ஒரு மனுசன ஆக்கி வெச்சிருக்கீங்களே, என்னாக்கா இது?"

  உஷாராணி சேலையைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் விரித்தாள். அரக்கு நிறம், மயில்கழுத்துக் கரை. "அவனுக்கு இழுப்பு இருக்கு. மழ நாளுல," என்றாள் கடைசியில்.

"தெரியும். மருந்து ஆபிஸ் டிராயர்ல ஒன்னு, லோரியில ஒன்னு இருக்கு."

உஷாராணி சேலைக்கு ரசீது எழுதினாள். நாளை மறுநாள் வாங்கிக்கொள்ளச் சொன்னாள். ரேஷ்மா போன பிறகு அரைமணி நேரம் இஸ்திரிப்பெட்டி சும்மா சுட்டுக்கொண்டு நின்றது. மாலையில் பஸ்ஸில் வரும்போது, எட்டு மாதக் காலைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். அவன் எழுந்து, குளித்து, தலை சீவி, தான் எழுப்புவதற்கு முன்னாலேயே செருப்பு மாட்டிக்கொண்டு நின்ற காலைகள். அப்படி நின்றவனைப் பார்த்து என்னென்ன திட்டினோம் என்பதும் நினைவுக்கு வந்தது. அவமானமாக இருந்தது. அதைவிட, கோபமாக இருந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. எதிர் இருக்கைக்காரர் ஜன்னலைத் திறந்ததற்கு அவரைத் திட்டினாள்.

அன்று ஆறு ஐம்பத்தைந்துக்கு வழக்கம்போல ராதாகிருஷ்ணன், பறவை அடங்கியதைக் குறித்துக்கொள்ள, ஃபைலோடு வாசலில் வந்து நின்றார். குகன் டிவி பக்கத்தில். சிர்ரூ டிவி மேல். ஏழு மணிக்கு அது ஒளிவிட்டது. உஷாராணி சமையலறை வாசலில் நின்றாள். வாய் திறந்துதான் இருந்தது. ஒளி கூடியது. குகன் அவளைப் பார்த்தான், அந்த வார்த்தைக்காகத் தலையைக் கொஞ்சம் குனிந்து தயாராக. முப்பத்தொன்பது வயது ஆள், காதோரம் நரைத்துவிட்டது, இன்னும் அப்படித்தான் நிற்கிறான் என்பது அவள் கண்ணில் பட்டது.

"அம்மா, ஏழாச்சு," என்றார் ராதாகிருஷ்ணன்.

"தெரியும்."

"சொல்லுங்கம்மா!"

"தினம் தினம் நானேவா சொல்லணும்? எனக்கு வேற வேல இல்ல? என்னமோ ஆகித் தொலையட்டும்!" என்று கத்திவிட்டு, அடுப்பில் ரசம் பொங்குகிறதா என்று பார்க்க உள்ளே போய்விட்டாள். ரசம் பொங்கவில்லை. அடுப்பையே அவள் இன்னும் பற்றவைத்திருக்கவில்லை.

கூடத்தில் வெளிச்சம் சுவரெல்லாம் ஏறி இறங்கியது. டிவி கீழே விழுந்து உடைந்த சத்தம் கேட்டது. "சிர்ராங்," என்றது ஒரு புதுக்குரல், தொண்டை உடைந்த பையனின் குரல்போல. இரண்டு வருடம் எட்டு மாதமாகத் தேக்கிவைத்தது அதோடு நிற்கவில்லை. முப்பது விநாடியில் மறுபடி ஒளி. குகன் பால்கனிக் கதவைத் திறந்து, "வெளிய போ! வெளிய போ!" என்று கத்த, அது அவன் சொல் கேட்டு வெளியே பாய்ந்தது. பால்கனி இரும்புக்கம்பியும், கொடியில் காய்ந்த இரண்டு துண்டுகளும், ராதாகிருஷ்ணனின் ஃபைலும் அதோடு போயின. அது கூரையில் இறங்கியபோது புளோக் ஒரு தடவை குலுங்கியது. பிறகு, கார் நிறுத்துமிடத்தில் இருந்த எல்லா வண்டிகளின் அலாரமும் சேர்ந்து அலறும்படி, அது தன் முழுப்பெயரைச் சொன்னது. ஒன்பதாம் மாடிக் குழந்தைகள் கைதட்டினார்கள். விரிசல் விட்டிருந்த தொட்டி அன்றே போயிற்று. மற்ற மூன்றும் நன்றாகத்தான் இருந்தன.

குகன் சமையலறைக்கு வந்தான். கையெல்லாம் நீலத்தூவி. "நீ சொல்லலக்கா," என்றான்.

"இனிமே சொல்லமாட்டேன். என் தொண்ட என்னத்துக்கு ஆகும்?" அவன் பக்கம் திரும்பாமலே கேட்டாள், "எட்டு மாசமா மத்தியானம் எங்கடா சாப்பிட்ட?"

"ரேஷ்மா கொண்டு வருவா."

"எப்படி இருக்கும்?"

அவன் யோசித்தான். "உப்பு கம்மி."

அப்போதுதான் அவள் சிரித்தாள் என்று குகன் பிற்பாடு சொன்னான். அவள் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

ஏப்ரலில் அவன் சுங்கை பூலோவுக்குக் குடிபோனான். ஜூனில் அங்கேயே ஒரு முருகன் கோயிலில் கல்யாணம். ரேஷ்மா கட்டியிருந்த அரக்குச் சேலையின் மடிப்பைப் பற்றிப் பந்தியில் பேசிக்கொண்டார்கள். சிர்ராகானைக் கூட்டிப்போக குகன் விரும்பினான், ஆனால் நர்சரிக்கு மேலே நிழல்வலை கட்டியிருந்தது. பறவை சி புளோக் கூரையிலேயே தங்கியது. ராதாகிருஷ்ணன் புது ஃபைல் போட்டு ஏழு இலாகாக்களுக்கு எழுதினார். மூன்றிலிருந்து பதில் வந்தது, மூன்றும் மற்ற நான்கைக் கேட்கச் சொன்னன. ஆகஸ்டு வெயிலில் மேல்மாடிக்காரர்கள், வீட்டுக்குள் முன்பைவிடக் குளுமையாக இருப்பதாகச் சொல்ல ஆரம்பித்ததும் அவர் எழுதுவதை நிறுத்தினார். பிறகு வந்த குழுக் கூட்டத்தில், கூரைப் பராமரிப்பு என்ற தலைப்பின் கீழ் பறவையையும் சேர்த்துக்கொண்டு, அடுத்த விஷயமான லிஃப்டுக்குப் போனார்கள்.

ஏழு மணிக்கு என்ன செய்வது என்று உஷாராணிக்குக் கொஞ்ச நாள் தெரியவில்லை. வாய் தானாகத் திறக்கும். பிறகு கடையை ஒன்பதுவரை திறந்து வைத்தாள். கோயில் பூஜைக்குப் போனாள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு சனிக்கிழமை இருட்டும்வரை சுற்றி, பூக்கடைக்குப் பக்கத்தில் நின்று வடை சாப்பிட்டுவிட்டு, அவசரமில்லாமல் ரயிலுக்கு நடந்தாள். இதெல்லாம் அவளுக்கு ஒரு பக்கம் நன்றாக இருந்தது, இன்னொரு பக்கம் எரிச்சலாக இருந்தது; வீட்டுக்கு வந்தால் குக்கர் சுவிட்சு யாரும் மறக்காமல், வைத்தது வைத்தபடி இருந்தது.

நவம்பரில் ரேஷ்மா உண்டாகியிருக்கிறாள் என்று செய்தி வந்தது. அவளுக்கு வாய்க்கு ஒன்றும் பிடிக்கவில்லை, நெத்திலிச் சம்பலும் எலுமிச்சைச் சோறும் மட்டும் கேட்கிறாள் என்று குகன் போனில் சொன்னான். ஞாயிறு காலை பதினொரு மணிக்குக் கொண்டுவருவதாக உஷாராணி சொன்னாள். அன்று பார்த்து ஷா ஆலாமில் ஏதோ ஓட்டப்பந்தயம், பாதி சாலையை மூடிவிட்டார்கள். டாக்சி செயலியில் மூன்று பேர் ஒப்புக்கொண்டு மூன்று பேரும் ரத்து செய்தார்கள். நான்காவது ஆள் வர நாற்பது நிமிடம் என்று காட்டியது. அவள் கைப்பேசியைப் பையில் போட்டு, சாப்பாட்டு அடுக்குச்சட்டியைத் தூக்கிக்கொண்டு, முழங்கால் வலியோடு கீழ்வாசலிலிருந்து ஒன்பது மாடி ஏறிக் கூரைக்குப் போனாள்.

சிர்ராகான் தொட்டிகளுக்கு நடுவே வெயில் காய்ந்துகொண்டிருந்தது. "சுங்கை பூலோ. சும்மா ஆட்டாம போவணும், சம்பல் இருக்கு," என்றாள். அது ஒரு பார்வை பார்த்தது. அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அது தன் பெயரைச் சொல்லிவிட்டு, இறக்கையைத் தாழ்த்தியது. முதுகு வழவழவென்று இருந்தது, பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை என்று அவள் வழிநெடுகக் குறைசொன்னாள். கீழே நெடுஞ்சாலையில் வண்டிகள் அசையாமல் நின்றன. காற்றில் சேலைக் கஞ்சியெல்லாம் போனது. சம்பல் சிந்தவில்லை.

பத்து ஐம்பதுக்கு நர்சரி வாசலில், ரோஜாத் தொட்டிகளுக்கும் லோரிக்கும் இடையில், அது இறங்கியது. குகன் குழாயைப் போட்டுவிட்டு ஓடிவந்து அடுக்குச்சட்டியை வாங்கினான். ரேஷ்மா தலைக்குக் குளித்த ஈரத்தோடு, பாதி பின்னிய முடியைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தாள்.

"அதுக்குள்ளயா வந்துட்டீங்க?"

"பதினோரு மணின்னு சொன்னா ஒருத்தராவது ரெடியா இருக்கீங்களா?" என்றாள் உஷாராணி, இறக்கையிலிருந்து மெதுவாக இறங்கி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு. "மொதல்ல தட்டக் கழுவி வைங்க. ஆறிட்டா நல்லா இருக்காது."